கண் மட்டத்தில் மாட்டவும்

கடைக்கு வருகிறவர்களில் பல இனம் உண்டு. விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர் ஓர் இனம். வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர் இன்னோர் இனம். முட்டைப் பெட்டிகளைத் திறந்து திறந்து பார்த்துவிட்டு, கடைசியில் முதலில் எடுத்த பெட்டியையே எடுத்துப் போகிறவரும் உண்டு. இவர்களை விட்டுவிடுவோம். இவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

நாம் பார்க்கப்போகிறவர் வேறு. இவர் கடைக்கு வருவது, கடை சட்டப்படி நடக்கிறதா என்று பார்க்க. பாலும் ரொட்டியும் ஒரு சாக்கு. கடை முதலாளியின் பெயர், மேலாளரின் பெயர், மேலாளர் எந்தக் கிழமை விடுமுறை என்பதெல்லாம் இவருக்குத் தெரியும். பேச ஆரம்பிக்கும்போது "நான் ஒண்ணும் குறை சொல்லல, கேக்கறேன்" என்பார். முடிக்கும்போது "இது எனக்காக இல்ல" என்பார். இரண்டுக்கும் நடுவில் இருபது நிமிடம். இவரைப் பார்த்ததும் ஊர் வேறு வரிசைக்கு நகர்ந்துவிடும். ஆனால் துணி துவைக்கும் இயந்திரக் கம்பெனி ஏமாற்றிவிட்டால் அதே ஊர் முதலில் போன் செய்வது இவருக்குத்தான்.

இவருடைய முதலீடு ஒன்றே ஒன்று. இவர் மேல் யாரும் குறை சொன்னதில்லை. அதை வைத்துத்தான் மற்றவர்கள் மேல் சொல்கிறார். அது போனால் எல்லாம் போயிற்று. எல்க்ஸ்டன் ஊரில் இந்த இனத்தின் உயர்ந்த மாதிரியாக வாழ்ந்த வெர்லின் ஸ்கோக்லண்டுக்கு அது போகப் பார்த்தது. எழுபத்தாறு வயது வரை காப்பாற்றிவிட்டார். செத்த ஒன்பதாம் நாள், அவர் மகள் மார்னி அதைக் கடைத் தூணில் தொங்கக் கண்டாள்.

அதற்கு முன்னால், அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலையைச் சொல்லிவிட வேண்டும். பெரிதாக ஒன்றுமில்லை. பிப்ரவரி மாதக் கடைசிச் சனிக்கிழமை, கிராஃப் சூப்பர் மார்க்கெட்டில் சாமான் வாங்கினார்கள். பட்டியலில் ஏழு பொருள்: காபித்தூள், முட்டை, வெண்ணெய், உருளைக்கிழங்கு, ஓட்ஸ், ஃபிரிட்ஜுக்கு ஒரு பல்ப், வாசல் பனிக்கு ஒரு மூட்டை உப்பு. எடுத்த நேரம் ஒரு மணி ஐம்பது நிமிடம். மார்னி குறித்துவைத்திருந்தாள். எத்தனால் ஆலையில் அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பது அவள் வேலை. குறிக்காமல் இருக்கத் தெரியாது.

ஏழு பொருளுக்கு ஏன் நூற்றுப் பத்து நிமிடம்? கல்லாவுக்குப் பக்கத்தில் சுழலும் அடுக்கு ஒன்று இருந்தது, அதனால்.

அதில் பரிசு அட்டைகள் தொங்கும். காபிக் கடை அட்டை, பீட்சா கடை அட்டை, மீன்பிடிச் சாமான் கடை அட்டை என்று நூற்றைம்பது வகை; பேரனுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாத தாத்தாக்களுக்காகவே இந்த நாடு கண்டுபிடித்த தீர்வு. நல்லவர்களுக்குப் பிடித்தது திருடர்களுக்கும் பிடித்துவிட்டது. வயதானவர்களைப் போனில் கூப்பிட்டு, "வரி ஆபீஸ்லேருந்து பேசறோம், உங்களைக் கைது பண்ணப்போறோம், உடனே கார்டு வாங்கி நம்பரைப் படிங்க" என்று மிரட்டுகிற கூட்டம் ஒன்று கிளம்பியது. அதனால் இரண்டு வருடத்துக்கு முன் நம் மாநிலத்தில் ஒரு சட்டம் போட்டார்கள். பரிசு அட்டை விற்கிற கடை, அடுக்குக்குப் பக்கத்தில் தெளிவாகத் தெரியும்படி ஓர் எச்சரிக்கை அறிவிப்பு மாட்ட வேண்டும்: போனில் யாராவது கேட்டு இந்த அட்டையை வாங்குகிறீர்களா, அது மோசடி. சட்டமன்றம் கைதட்டியது, ஆளுநர் கையெழுத்துப் போட்டார், பத்திரிகையில் ஆறாம் பக்கத்தில் படம் வந்தது. பிறகு எல்லாரும் மறந்துபோனார்கள்.

ஒருவரைத் தவிர. அவர் சட்டத்தை நகலெடுத்து, முன்னும் பின்னும் வைத்து லேமினேட் செய்து, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். இன்னொரு பையில் அளவு நாடா. மேல் பையில் சின்ன டார்ச். தலையில் விதைக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த, காது மூடும் தொப்பி. முழங்கையில் கிழிந்த இடத்தை வெள்ளிநிற டேப்பால் ஒட்டிய அந்தக் கோட்டு எல்க்ஸ்டனில் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. இந்தக் கோட்டையும் தொப்பியையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சனிக்கிழமையும் அடுக்கின் முன்னால் நின்று நாடாவை நீட்டினார். மேலாளர் டுவேன் கிராஃப் தக்காளி அடுக்குவது போல் பாவனை செய்துகொண்டிருந்தார். அடுக்கிய தக்காளியையே மறுபடி அடுக்கினார்.

"டுவேன், நான் ஒண்ணும் குறை சொல்லல. இந்த அறிவிப்பு நாப்பத்தோரு அங்குலத்துல இருக்கு."

"சட்டத்துல 'தெளிவாத் தெரியற இடம்'னுதானே போட்டிருக்கு, வெர்லின்?"

"தெளிவா யாருக்கு? ஊர்ல நாய்ங்க எதுவும் கார்டு வாங்கறதில்ல. அம்பத்தேழுக்கு ஏத்து."

டுவேன் ஏற்றுவதாகச் சொன்னார். பதினோராவது தடவையாகச் சொன்னார். மார்னி வண்டியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்து, சட்டத்தில் ஐம்பத்தேழு என்று எங்கே இருக்கிறது என்று கேட்டாள். எங்கேயும் இல்லை என்றார் அப்பா. பிறகு எங்கிருந்து வந்தது அந்த எண்?

"அளந்தேன்."

"எதை?"

அவர் அதற்குள் டார்ச்சைப் போட்டு அடுக்கைச் சுழற்ற ஆரம்பித்துவிட்டார். இதுதான் இந்த இனத்தின் இன்னொரு குணம். கேட்காததற்கு இருபது நிமிடம் விளக்கம். கேட்டதற்கு ஒரு சொல். முட்டை வாங்க வேண்டும் என்று மார்னி ஞாபகப்படுத்தினாள். "நீ போ, வரேன்" என்றார். அவள் போகவில்லை. ஊதாக் கையுறை போட்ட கையை வண்டியின் பிடியில் வைத்துக்கொண்டு, கூரை விளக்குகளை எண்ணினாள். இருபத்தாறு, இரண்டு எரியவில்லை. அப்பா எதையோ கோட்டுப் பையில் போட்டார். கைக்குட்டையாக இருக்கும் என்று நினைத்தாள்.

அடுக்கோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. வரிசையில் நிற்கிறவர்களையும் விடுவதில்லை. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்தில், அடுத்தவர் வண்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கூடாது. பார்த்தாலும் பார்த்தது தெரியக் கூடாது. ஒருவர் பதினைந்து புட்டி இருமல் மருந்தும் ஒரு கோடரியும் வாங்கினாலும், பின்னால் நிற்கிறவர் குளிரைப் பற்றித்தான் பேசுவார். இது மரியாதை. நூற்றைம்பது வருடமாகக் காப்பாற்றி வந்த மரியாதை. வெர்லினும் எழுபத்து மூன்று வயது வரை காப்பாற்றினார். பிறகு திடீரென்று விட்டுவிட்டார். கையில் அட்டையோடு யார் நின்றாலும் நேராகக் கேட்டார்: "அந்தக் கார்டு யாருக்கு?" கல்யாணம் நிச்சயமான பையன் ஒருவன் காது வரை சிவந்து, நிச்சயம் செய்த பெண் பெயரைச் சொல்லாமல் வேறு ஒரு பெயரைச் சொல்லிவிட்டு ஓடினான். தேவாலயக் காரியதரிசி எவ்வளவோ மழுப்பிப் பார்த்தார். வெர்லின் விடவில்லை. போனில் யாராவது மிரட்டினார்களா, பயப்படாமல் சொல் என்றார். கடைசியில் அந்த அம்மாள் அட்டையை அவர் கையிலேயே திணித்தார்.

"உனக்குத்தான், வெர்லின். நாளைக்கு உன் எழுபத்தஞ்சாவது பிறந்த நாள். ரகசியமா வச்சிருந்தோம்."

அவர் வெட்கப்பட்டாரா? அட்டையைத் திருப்பி உறையின் ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தார்.

வேலை அப்படி. முப்பத்தொரு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். தானியக் கிடங்குகளின் லாரி எடை மேடை, பெட்ரோல் பம்பு, கசாப்புக் கடைத் தராசு எல்லாவற்றுக்கும் அவர்தான் முத்திரை. தப்பாகக் காட்டும் தராசு கண்ணில் பட்டால் கம்பியில் கோத்த சிவப்புச் சீட்டைக் கட்டுவார். கட்டியவுடன் அந்தத் தராசு செத்தது. சரிசெய்கிற வரை யாரும் தொடக் கூடாது. தேவையென்றால் எடுத்துப் போய்விடவும் அவருக்கு அதிகாரம் இருந்தது. சொந்த மச்சினன் கிடங்கிலேயே சிவப்புச் சீட்டுக் கட்டிவிட்டு வந்ததால், மூன்று வருடம் அவர் வீட்டு நன்றி நாள் விருந்தில் வழக்கமான வான்கோழிக்குப் பதில் கோழி வந்தது. ஓய்வு பெறும்போது அதிகாரத்தை அரசாங்கம் திரும்ப வாங்கிக்கொண்டது. மிச்சமிருந்த சிவப்புச் சீட்டுகளை வாங்க மறந்துவிட்டது.

புதன்கிழமை காலை வெர்லின் இறந்துபோனார். பின்வாசல் பெஞ்சில் உட்கார்ந்தபடி, ஒரு காலில் பூட்ஸ், மறு பூட்ஸ் கையில். இதயம். டாக்டர் எழுதிய நேரம் ஏழு இருபது. எங்கே கிளம்பினார் என்று யாருக்கும் தெரியவில்லை. நாட்காட்டியில் அந்தக் கட்டம் காலி.

அடக்கம் திங்கட்கிழமை. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பன்றித்தொடை சாண்ட்விச், உருளைக்கிழங்கு வைத்து வேகவைத்த இறைச்சி, எட்டுத் தட்டு எலுமிச்சைப் பலகாரம். ஊரே வந்தது. டுவேன் கிராஃப் சவப்பெட்டியைத் தூக்கினார். ஒவ்வொருவரும் மார்னியின் கையைப் பிடித்து, "ரொம்ப நேர்மையான மனுஷன், உங்கப்பா" என்றார்கள். 'ரொம்ப' என்பதற்கும் 'நேர்மையான' என்பதற்கும் நடுவில் எல்லாரும் அரை நொடி நிறுத்தினார்கள். ஒருவர் நிறுத்தினால் அது துக்கம். நாற்பது பேர் ஒரே இடத்தில் நிறுத்தினால் கருவியில் ஏதோ கோளாறு. மார்னி குறித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை, சாண்ட்விச் வந்த தட்டுகளைத் திருப்பிக் கொடுக்கக் கிராஃப் கடைக்குப் போனாள். பரிசு அட்டை அடுக்குக்குப் பக்கத்துத் தூணில் ஒரு படம். கேமராவிலிருந்து எடுத்து அச்சிட்டது. காது மூடும் தொப்பி, முகம் தெரியவில்லை. டேப் ஒட்டிய முழங்கை. கை கோட்டுப் பைக்குள் போய்க்கொண்டிருந்தது. மேலே கொட்டை எழுத்தில்: பரிசு அட்டைத் திருட்டு. இவரைத் தெரிந்தவர்கள் சொல்லவும். படத்தின் இடது ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, வண்டிப் பிடியின் மேல் ஓர் ஊதாக் கையுறை.

அவள் டுவேனைக் கூப்பிட்டு, படத்தில் இருப்பது யார் என்று கேட்டாள். டுவேன் படத்தை அப்போதுதான் பார்ப்பது போல் பார்த்தார்.

"தொப்பி மறைச்சிருக்கே, மார்னி."

"நீங்க அவர் பெட்டியைத் தூக்கினீங்க, டுவேன்."

"இடது பக்கம். நடுவுல," என்றார், அதுவே போதுமான பதில் என்பது போல.

பிறகு மெதுவாக விஷயம் வந்தது. தலைமை அலுவலகம் கேமராவில் பார்த்திருக்கிறது. ஆறு தடவை வந்திருக்கிறார், ஆறு தடவையும் அட்டைகளைப் பையில் போட்டிருக்கிறார். அவர்கள் படத்தை அனுப்பி மாட்டச் சொன்னார்கள், டுவேன் மாட்டினார். யார் என்று கேட்டார்கள். தொப்பி மறைத்திருக்கிறது என்று எழுதினார். பதினோரு நாளாக ஊர் முழுக்க அந்தத் தூணைத் தாண்டித்தான் பால் வாங்கிப் போகிறது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. மரியாதை.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான்," என்றார் டுவேன். "அதுக்குள்ள ஆள் யாருன்னு தெரியலன்னா டி.வி.க்குக் கொடுத்துடுவாங்க. ஆறு மணிச் செய்தியில காட்டுவாங்க. மாவட்டம் பூரா."

முப்பத்தொரு வருடம் மாவட்டம் பூராவும் சீட்டுக் கட்டியவர். எத்தனை கிடங்குக்காரர்கள் அந்த ஆறு மணிக்குக் காத்திருப்பார்கள் என்று மார்னி கணக்குப் போடவில்லை. அப்பா இதைப் பார்த்தாரா என்று மட்டும் கேட்டாள்.

பார்த்தார் என்றார் டுவேன். செவ்வாய்க்கிழமை வந்தாராம். படத்துக்கு முன்னால் நின்றாராம். நாடாவை எடுத்து நீட்டினாராம்.

"என்ன சொன்னார்?"

"'அம்பத்தேழு. இதை மட்டும் சரியா மாட்டியிருக்க'ன்னார்."

மார்னி அப்போதுதான் கவனித்தாள். நாற்பத்தோரு அங்குலத்தில் இருந்த சட்ட அறிவிப்பும் படத்துக்குப் பக்கத்தில் அதே உயரத்துக்கு ஏறியிருந்தது. எப்போது ஏற்றினார் என்று அவள் கேட்கவில்லை. டுவேனும் சொல்லவில்லை. குளிர் குறைந்திருக்கிறது என்றார்.

வீட்டுக்கு வந்து, பழுதான கருவியைப் பிரிப்பது போல், ஓர் ஓரத்திலிருந்து தேட ஆரம்பித்தாள். கோட்டுப் பையில் நாடா, டார்ச், புதினா மிட்டாய் நான்கு. அலமாரியில் ஒன்றுமில்லை. பட்டறையில் ஒன்றுமில்லை. படிக்கட்டுக்குக் கீழே, பழைய எடைக்கற்களை வைத்திருந்த இரும்புப் பெட்டி. கற்கள் இருக்க வேண்டிய வெல்வெட் குழிகளில் அட்டைகள். நாற்பத்து மூன்று. ஒவ்வொன்றிலும் கம்பியால் கட்டிய சிவப்புச் சீட்டு. அப்பாவின் கட்டையான எழுத்து: கிராஃப், தேதி, உறை கீறப்பட்டு ஒட்டப்பட்டது, இடது ஓரம், மூன்று அங்குலம், பசை புதிது.

இது வேறு வகை மோசடி, போன் தேவையில்லை. திருடன் அடுக்கிலிருந்து அட்டையை எடுத்து, உறையைக் கத்தியால் கீறி, ரகசிய எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒட்டி, பழைய இடத்திலேயே தொங்கவிட்டுப் போவான். நல்லவர் ஒருவர் வாங்கிப் பணம் ஏற்றுவார். ஏற்றிய மறு நிமிடம் திருடன் காலி செய்துவிடுவான். வெர்லின் இதை நகத்தால் தடவியே கண்டுபிடித்திருக்கிறார். டுவேனிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். டுவேன் தலைமை அலுவலகத்துக்கு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். ஆய்வாளர் என்ன செய்வார்? பொய்த் தராசைப் புழக்கத்திலிருந்து எடுத்தார். அவ்வளவுதான். ஓர் அட்டையிலும் ஒரு சென்ட் ஏறவில்லை. விற்றால் ஒன்றுமில்லை, வைத்தால் ஒன்றுமில்லை, வெறும் பிளாஸ்டிக்.

நல்லதுதானே என்கிறீர்களா? பெட்டியிலேயே லேமினேட் செய்த சட்டமும் இருந்தது. முன்பக்கம் அறிவிப்புப் பிரிவு. ஆயிரம் தடவை தடவித் தடவி மங்கியிருந்தது. பின்பக்கம் புத்தம் புதிதாகப் பளபளத்தது. அதில் பிரிவு நான்கு: சேதப்படுத்திய பரிசு அட்டையைக் கடைக்காரர் சம்மதமில்லாமல் எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். ஊருக்கே சட்டம் படித்துக் காட்டியவர், இரண்டு வருடமாக முன்பக்கத்தையே படித்திருக்கிறார். பிளாஸ்டிக் மேல், பிரிவு நான்குக்குக் கீழே, மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு. கோடும் புதிது.

அடியில் ஒரு தாள். பழைய ஆய்வு அறிக்கைப் படிவம், கார்பன் வைத்து இரண்டு பிரதி. செவ்வாய்க்கிழமை தேதி.

ஆய்வு செய்யப்பட்டவர்: வெர்லின் ஸ்கோக்லண்ட்.
ஆய்வாளர்: வெர்லின் ஸ்கோக்லண்ட்.
குறை: பிரிவு 4. முழுச் சட்டத்தையும் படிக்கவில்லை.
திருத்த நடவடிக்கை: பெட்டியை ஷெரிஃப் அலுவலகத்தில் ஒப்படைத்து ரசீது பெறுதல்.
கெடு: புதன், காலை 8 மணி.

மார்னி பின்வாசல் பெஞ்சுக்குப் போனாள். அந்த மறு பூட்ஸ் இன்னும் அங்கேயே இருந்தது. அதை எடுத்து ஜோடியோடு சேர்த்து வைத்தாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆர்லிஸ் பலகாரத் தட்டோடு வந்தார். எழுபத்தொன்பது வயது, குள்ளமான உருவம், நாற்பது வருட அண்டை வீடு. மேசையில் சிவப்புச் சீட்டுகளைப் பார்த்துவிட்டு, எதையும் பார்க்காதது போல் உட்கார்ந்தார். கடைத் தூணில் படத்தைப் பார்த்தீர்களா என்று மார்னி கேட்டாள்.

"பார்த்தேன். தொப்பி மறைச்சிருந்துச்சு."

பிறகு ஆர்லிஸ் சொல்ல ஆரம்பித்தார். மூன்று வருடத்துக்கு முன் அவருக்கு ஒரு போன் வந்தது. பென்ஷன் ஆபீஸ் என்றார்கள், உங்கள் பெயரில் வழக்கு என்றார்கள், யாரிடமும் சொல்லாதே என்றார்கள். கிராஃப் கடையில் எட்டு அட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். கை நடுங்கியது. பின்னால் ஒரு ரொட்டியோடு நின்றது வெர்லின்.

"எட்டு கார்டையும் பார்த்தான். என் கையையும் பார்த்தான். 'இன்னிக்கு வடக்குக் காத்து'ன்னான். நானும் 'ஆமா, வெர்லின், வடக்குக் காத்து'ன்னேன். வீட்டுக்குப் போய் நம்பரையெல்லாம் படிச்சுட்டேன்." ஆர்லிஸ் தட்டை நகர்த்தினார். "என் பிள்ளைங்களுக்குக்கூடத் தெரியாது. அவனுக்கு மட்டும் எப்படியோ தெரிஞ்சுபோச்சு. அப்புறம் ஒரு வார்த்தை கேக்கல. ஒரு நாள் என்னைக் கதவோரமா நிக்க வச்சு அளக்கற டேப்பை நீட்டினான். சவப்பெட்டிக்கு அளவு எடுக்கறியாடான்னு கேட்டேன். 'இல்ல, கண்ணு வரைக்கும்தான்'னான்."

மார்னிக்கு எவ்வளவு என்று கேட்கத் தேவை இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு இருவரும் மாவட்டப் போலீஸான ஷெரிஃப் அலுவலகத்தில் இருந்தார்கள். பெட்டி ஆர்லிஸின் மடியில். தனியாகப் போகிறேன் என்று மார்னி சொன்னதற்கு, ஒரு தடவை பேசாமல் இருந்தது போதும் என்று சொல்லிவிட்டு ஆர்லிஸ் காரில் ஏறிக்கொண்டிருந்தார். கவுன்டரில் ப்ரீன் என்ற இளம் பெண் அதிகாரி. பெட்டியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். யாருடையது, காசு கொடுத்து வாங்கியதா, கடையில் கேட்டு எடுத்ததா என்று வரிசையாகக் கேட்டார். மார்னி வரிசையாகப் பதில் சொன்னாள்: அப்பாவுடையது, இல்லை, இல்லை.

"மேடம், இதை நீங்க கையில வச்சிருக்கறதே குற்றம். தெரியுமா?"

"பிரிவு நாலு. பின்பக்கம் இருக்கு," என்று லேமினேட் அட்டையைத் திருப்பிக் காட்டினாள் மார்னி.

ப்ரீன் படித்தார். அறிக்கைப் படிவத்தையும் படித்தார். ஆய்வு செய்யப்பட்டவர் பெயரையும் ஆய்வாளர் பெயரையும் இரண்டு தடவை பார்த்தார். பிறகு சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்ட ஆரம்பித்து, பத்தாவது சீட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எல்லாம் இடது ஓரம், எல்லாம் மூன்று அங்குலம். ஒரே ஆளின் கை. பெரும்பாலும் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கு மறுநாள் தேதி; திருடன் வந்துபோகும் நாள் அந்தச் செவ்வாய். இப்படித் தேதி போட்டு யாரும் கொண்டுவந்து கொடுத்ததில்லை என்றார். டுவேனுக்குப் போன் போட்டார். மறுமுனையில் டுவேனுக்கு அந்தக் கணமே தொப்பி ஞாபகம் வந்துவிட்டது. கோட்டும், பதினோரு தடவை கேட்ட ஐம்பத்தேழும், தன்னிடம் இரண்டு தடவை சொன்னதும், தான் எழுதாததும்கூட ஞாபகம் வந்தது. தலைமை அலுவலகத்துக்கு ப்ரீனே பேசினார். ஆர்லிஸ் தன் பங்கைச் சொன்னார். எட்டு அட்டையையும், வடக்குக் காற்றையும். மூன்று வருடத்தில் முதல் தடவையாக உரக்கச் சொன்னார். எழுதிக்கொண்டார்கள்.

நாலு இருபதுக்கு ப்ரீன் பேனாவை மூடினார். இறந்தவர் மேல் வழக்குப் போட முடியாது, போடவும் விருப்பமில்லை, நீங்கள் போகலாம் என்றார். மார்னி போகவில்லை.

"வழக்கு கேக்கலங்க. ரசீது கேக்கறேன். ரெண்டு பிரதி."

"எதுக்கு?"

"படிவத்துல இருக்கு."

ப்ரீன் சிரிக்கவில்லை. மூடிய பேனாவைத் திறந்து, பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். கார்பன் நன்றாக விழவில்லை என்று மார்னி சொன்னதால் அழுத்தி இன்னொரு தடவை போட்டார். வெர்லின் ஸ்கோக்லண்ட் மேல் இருந்த ஒரே குறை, ஒன்பது நாள் தாமதமாகத் தீர்ந்தது.

ஆறு மணிச் செய்தியில் மக்காச்சோள விலை வந்தது. படத்தை டுவேன் கழற்றி உறையில் போட்டுக் கொடுத்தார். கிழித்துவிடட்டுமா என்று கேட்டதற்கு மார்னி வேண்டாம் என்றாள். அப்பாவும் அவளும் சேர்ந்து இருக்கும் கடைசிப் படம் அது. கோணம் சரியில்லை, அவள் கை மட்டும்தான் விழுந்திருக்கிறது. ஃபிரிட்ஜில் மாட்டியிருக்கிறாள். எந்த உயரத்தில் என்று சொல்ல வேண்டுமா?

இப்போது நீங்கள். நாம் அந்த இனம் இல்லை, நமக்கு எதற்கு வம்பு என்று இவ்வளவு நேரம் வசதியாகச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நல்லது. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியாக ஒரு கடையில் கோணலாகத் தொங்கிய பலகையை உங்கள் விரல் தானாக நேராக்கியதா? காலாவதியான தயிரை எடுத்துப் பார்த்துவிட்டு, அடுத்தவர் எடுத்துவிடாமல் பின்வரிசைக்குத் தள்ளினீர்களா? அப்படியானால் உங்கள் கோட்டுப் பையைத் தடவிப் பாருங்கள். நாடா இன்னும் வந்திருக்காது. வந்துவிடும்.

மார்னியும் தனக்கு அது வராது என்றுதான் நினைத்திருந்தாள். ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து திரும்பும்போது, கையெழுத்து விழுந்த படிவத்தை ஆர்லிஸ் காரில் விரித்துப் பார்த்து, கெடுவுக்கும் கீழே, அடியில் இருந்த கடைசி வரியை உரக்கப் படித்தார். நிலுவை: நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க். அறிவிப்பு முழங்கால் உயரத்தில். மறு ஆய்வு தேவை. இரண்டு மைல் தள்ளி, நெடுஞ்சாலையில், மார்னி காரைப் பெட்ரோல் பங்க்குக்குள் திருப்பினாள்.

"பெட்ரோல் போடணும்," என்றாள்.

முள் முக்காலுக்கு மேல் இருந்தது. ஆர்லிஸ் அதைப் பார்த்தார். வடக்குக் காற்றைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கதவைத் திறந்து இறங்கி, கடை வாசலில், பரிசு அட்டை அடுக்குக்குப் பக்கத்தில், அளப்பதற்கு வசதியாக நேராக நிமிர்ந்து நின்றார்.